விலைக்கு வாங்கும் அறிவுரை

'சூழ்ச்சி' என்னும் சொல்லை இன்று நல்ல பொருளில் வழங்குவார் இலர். ஒருவரைக் கெடுக்க மற்றொருவர் மறைவில் வகுக்கும் திட்டத்தையே அச்சொல் இன்று குறிக்கிறது. பண்டைத் தமிழில் அஃது உயர்ந்த சொல். சூழ்தல் என்றால் ஒரு செயலைப் பல கோணங்களிலும் நின்று ஆராய்தல். சூழ்வார் என்றால் அரசனுக்கு ஆராய்ந்து அறிவுரை கூறும் அமைச்சர். திருக்குறளும் ஆராய்ந்து முடிவு காணுதல் என்னும் பொருளில் அச்சொல்லை ஆள்கிறது. உயர்ந்த பொருள் தாழ்வதை மொழியியலார் இழிபொருட்பேறு என்பர். அறைக்குள் நடக்கும் ஆலோசனையைக் கேள்வி கேட்பார் இல்லாதபோது அது யாருக்கேனும் கேடாக முடியும் என்பதை மக்கள் பட்டறிவால் கண்டிருந்தனரோ, அதனால்தான் இச்சொல் இவ்வாறு திரிந்ததோ என்று எண்ணத் தோன்றுகிறது.

இந்நாளில் அரசுகளுக்குச் சூழ்வாராக விளங்குவோர் அமைச்சரும் அதிகாரிகளும் மட்டுமல்லர். வரி, மின்சாரம், கல்வி, நலவாழ்வு, போக்குவரத்து எனத் துறைதோறும் வெளி ஆலோசனை நிறுவனங்கள் கட்டணத்திற்கு அமர்த்தப்படுகின்றன. அவற்றின் அறிக்கைகள் அரசாணைகளாகின்றன. அவ்வாணைகள் நம் வீட்டு வாயிலுக்கு வந்து சேர்கின்றன. இவர்களை யார் தேர்ந்தெடுக்கின்றனர், எவ்வாறு கண்காணிக்கின்றனர் என்பது பொதுமக்கள் கேட்டறிய வேண்டிய வினா என்றே நாம் கருதுகிறோம்.

வேண்டுவதும் வேண்டாததும்

வெளியார் அறிவுரை வேண்டவே வேண்டாம் என்பது நம் கருத்தன்று. எல்லாத் துறை வல்லுநரையும் ஆயுள் முழுதும் ஊதியம் கொடுத்து வைத்துக்கொள்ள எந்த அரசாலும் இயலாது. இதற்கு நம் நாட்டிலேயே நல்ல சான்று உண்டு.

தில்லி மெட்ரோ இரயில் நிறுவனம் 1995ஆம் ஆண்டில் தோற்றுவிக்கப்பட்டது. கொல்கத்தாவில் 1984ஆம் ஆண்டிலேயே நிலத்தடி இரயில் ஓடத் தொடங்கியிருந்தது. எனினும் புதிய தொழில்நுட்பங்களைக் கொண்டு குறித்த காலத்தில் இத்தகைய பணியை முடிக்கும் பட்டறிவு நம் நாட்டில் குறைவாகவே இருந்தது. ஆகவே ஜப்பானிய நிறுவனம் ஒன்றின் தலைமையிலான கூட்டமைப்பைப் பொது ஆலோசகராக அமர்த்தினர். இ. ஸ்ரீதரனின் தலைமையில் இயங்கிய அந்நிறுவனத்தில், ஆலோசகர் கூறியதை எடைபோட்டுக் கொள்வதைக் கொள்ளவும் தள்ளுவதைத் தள்ளவும் வல்ல பொறியாளர்கள் இருந்தனர். 2002 டிசம்பரில் முதல் தடம் திறக்கப்பட்டது. அதன்பின் நிகழ்ந்ததுதான் நம் கருத்துக்கு உரியது. சென்னை மெட்ரோவின் முதற்கட்டத்திற்கு விரிவான திட்ட அறிக்கையைத் தயாரித்தது இதே தில்லி நிறுவனம். கொச்சி மெட்ரோவின் முதற்கட்டப் பணியையும் அதுவே மேற்கொண்டது. ஆலோசனை கேட்ட நிறுவனம் பத்தாண்டுக் காலத்திற்குள் ஆலோசனை கூறும் நிறுவனமாக வளர்ந்தது.

விலைக்கு வாங்கிய அறிவுரை பயன் தந்ததா என்பதை அளக்க இதைவிட நல்ல அளவுகோல் இல்லை. ஆலோசகர் விடைபெற்றுச் சென்றபின் அலுவலகத்தில் அறிவு கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா? கூடியிருந்தால் செலவிட்ட பணம் முதலீடு. குறைந்திருந்தால் அது வெறுஞ்செலவு.

திருவள்ளுவர் பொருட்பாலில் 'தெரிந்து தெளிதல்' என ஓர் அதிகாரத்தையும் அதனை அடுத்துத் 'தெரிந்து வினையாடல்' என ஓர் அதிகாரத்தையும் வைத்தார். முன்னது ஆளைத் தேர்வது பற்றியது. பின்னது தேர்ந்தவரைப் பணியில் ஈடுபடுத்தி ஆள்வது பற்றியது. தேர்ந்தெடுத்ததோடு கடமை முடிந்துவிடுவதில்லை என்பதை இவ்வைப்புமுறையே உணர்த்துகிறது. இவ்விரண்டிலும் தவறிய இரு நாடுகளின் வரலாற்றை இனிக் காண்போம்.

தேர்வில் நேர்ந்த பிழை

தென்னாப்பிரிக்காவின் வருவாய்த்துறை, நிறவெறி ஆட்சி முடிந்தபின் அந்நாடு கட்டியெழுப்பிய நிறுவனங்களுள் தலைசிறந்தது என்று பாராட்டப்பெற்றது. 2014 செப்டம்பரில் டாம் மோயானி என்பவர் அதன் ஆணையராக அமர்த்தப்பட்டார். சில திங்களுக்குள், பெயின் அண்டு கம்பெனி என்னும் பன்னாட்டு ஆலோசனை நிறுவனம் அத்துறையைச் சீரமைக்க அறிவுரை கூறும் பொறுப்பைப் பெற்றது. சில வாரப் பணிக்கான சிறிய ஒப்பந்தமாகத் தொடங்கிய அது, கட்டம் கட்டமாக நீண்டு 16 கோடியே 40 இலட்சம் ராண்ட் அளவுக்கு வளர்ந்தது.

2018ஆம் ஆண்டில் ஓய்வுபெற்ற நீதிபதி ராபர்ட் நுஜென்ட் தலைமையில் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. ஆணையர் பதவியேற்பதற்கு முன்னரே அந்நிறுவனத்தின் உள்நாட்டுத் தலைவர் அவரைச் சந்தித்துத் துறையை மாற்றியமைப்பது குறித்துத் திட்டம் வகுத்துவந்தார் என்பது அவ்விசாரணையில் வெளிப்பட்டது. நோய் உண்டா என்று நாடி பார்க்கும் முன்பே மருந்து எழுதப்பட்டுவிட்டது என்பதே இதன் பொருள்.

மாற்றியமைப்பின் விளைவு என்ன? பெருநிறுவனங்களின் வரியைக் கவனித்துவந்த தனிப்பிரிவு கலைக்கப்பட்டது. ஏறத்தாழ 200 மேலாண்மைப் பணியாளர்கள் தாங்கள் வகித்த பொறுப்புகளிலிருந்து பெயர்க்கப்பட்டனர். அவர்களுள் பலருக்குப் பதவிப்பெயர் இருந்தது, ஊதியம் இருந்தது, செய்வதற்குப் பணி இல்லை. பல்லாண்டுப் பட்டறிவுடையோர் வெறும் மேசையின்முன் அமர்ந்திருக்க நேர்ந்தது. 'இம்மாற்றம் தேவையில்லை' என்று சொல்லத்தக்க அறிவுடையோரே முதலில் அகற்றப்பட்டனர். அவர்கள் போனபின் அறிக்கையைப் படித்து மறுப்பதற்கு எவரும் இலர்.

2018 நவம்பரில் அவ்வாணையர் பதவிநீக்கம் செய்யப்பட்டார். தான் வேண்டுமென்றே கேடு செய்யவில்லை என்று கூறிய ஆலோசனை நிறுவனம், பெற்ற கட்டணத்தை வட்டியுடன் திருப்பிச் செலுத்தியது. 2022ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசுப் பணிகளை ஏற்பதற்கு அந்நிறுவனத்துக்குப் பத்தாண்டுத் தடை விதிக்கப்பட்டது. கட்டணம் திரும்பி வந்தது. கலைக்கப்பட்ட பட்டறிவு அவ்வளவு எளிதில் திரும்பி வருவதன்று.

கண்காணிப்பில் நேர்ந்த பிழை

இரண்டாவது நிகழ்ச்சி ஆஸ்திரேலியாவினது. பன்னாட்டு நிறுவனங்கள் அந்நாட்டில் ஈட்டும் வருவாய்க்கு வரி செலுத்தாமல் நழுவுவதைத் தடுக்க அந்நாட்டு நிதித்துறை சட்டம் ஒன்றை வகுத்தது. அதற்கு அறிவுரை கூற அமர்த்தப்பட்டவர்களுள் பிடபிள்யூசி நிறுவனத்தின் வரித்துறைப் பங்காளர் ஒருவரும் இருந்தார். தாம் அறிந்ததை வெளியிடுவதில்லை என்று அவர் எழுத்தில் உறுதி அளித்திருந்தார். ஆயினும் அவர் அறிந்த செய்திகள் தம் நிறுவனத்திலுள்ள மற்றவர்களுக்குச் சென்றன. எந்த நிறுவனங்களைக் கட்டுப்படுத்தச் சட்டம் இயற்றப்பட்டதோ, அத்தகைய நிறுவனங்களை நாடி அச்சட்டத்தின் பிடியிலிருந்து விலகும் வழியை விற்க அச்செய்திகள் பயன்பட்டன. வேலிக்கு முள் வெட்டித் தந்தவரே வேலியில் எங்கே சந்து இருக்கிறது என்பதையும் சொல்லிக்கொடுத்தார்.

அச்சட்டம் 2016 சனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. சில நிறுவனங்கள் அதனை எதிர்கொள்ள முன்கூட்டியே ஆயத்தமாக இருந்ததைக் கண்டு வரி அலுவலகம் அவ்வாண்டிலேயே ஐயங்கொண்டது. ஆனால் செய்தி பொதுமக்களுக்குத் தெரிந்தது 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில். இடைப்பட்ட ஆண்டுகளிலும் அந்நிறுவனம் அரசுப் பணிகளைப் பெற்றுவந்தது. ஓர் அலுவலகத்தின் ஐயம் மற்றோர் அலுவலகத்துக்கு எட்டவில்லை. வரித்தகவலைப் பகிர்வதைத் தடுக்கும் இரகசியச் சட்டங்களும் அதற்கு ஒரு காரணமாகக் கூறப்பட்டன.

2023 மே திங்களில் அந்நிறுவனத்தின் மின்னஞ்சல்களை நாடாளுமன்ற மேலவைக் குழு வெளியிட்டபோது நாடே அதிர்ந்தது. அதன் ஆஸ்திரேலியத் தலைமை அலுவலர் பதவி விலகினார். அரசுப் பணிகளைக் கவனித்த தன் பிரிவு முழுவதையும் ஒரே ஒரு டாலருக்கு அந்நிறுவனம் விற்க நேர்ந்தது. வரி தவிர்க்கும் திட்டங்களைப் பரப்புவோருக்கான உச்ச அபராதம் 78 இலட்சம் டாலரிலிருந்து 78 கோடி டாலருக்கும் மேலாக உயர்த்தப்பட்டது.

இதில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது மற்றொன்று உண்டு. ஆலோசகர், ஒப்பந்தப் பணியாளர், வெளிநிறுவனத்தார் ஆகிய அனைவரையும் சேர்த்து 2021-22ஆம் நிதியாண்டில் ஏறத்தாழ 54,000 முழுநேரப் பணியாளருக்கு ஈடான வேலையை ஆஸ்திரேலிய அரசு வெளியிலிருந்து பெற்றது; அதற்கான செலவு 2,080 கோடி ஆஸ்திரேலிய டாலர். இதனை அந்நாட்டு அரசே கணக்கிட்டு 2023இல் வெளியிட்டது. நிரந்தரப் பணியாளர் எண்ணிக்கைக்கு வரம்பு விதித்துச் சிக்கனம் செய்வதாகக் கூறிய ஆண்டுகளில் சேர்ந்த செலவு இது. முன்வாயிலில் சிக்கனம் எனப் பலகை தொங்க, பின்வாயில் வழியே பணம் சென்றுகொண்டிருந்தது. அதன்பின் அவ்வரசு தனக்கென உள்ளகத்திலேயே ஓர் ஆலோசனைப் பிரிவை ஏற்படுத்தியது.

நம் கையொப்பமும் உண்டு

இவை கடல் கடந்த கதைகள் என்று ஒதுக்கிவிட வேண்டா. பல ஆண்டுகளுக்கு முன், இக்கல்லூரிக்கு வருமுன் நாம் பணியாற்றிய ஓரிடத்தில், தர மதிப்பீட்டுக்குரிய தன்னாய்வு அறிக்கையை வெளியார் ஒருவரைக் கொண்டு எழுதுவித்தனர். வழவழப்பான தாள், வண்ண அட்டை, பிழையற்ற ஆங்கிலம். ஒவ்வொரு துறையினரும் தத்தம் பக்கத்தில் கையொப்பமிட்டனர். மதிப்பீட்டுக்கு வந்திருந்த முதிய பேராசிரியர் ஒருவர் தமிழ்த்துறைக்குள் நுழைந்ததும், அறிக்கையில் கூறப்பட்டுள்ள அரபுத்தமிழ் நூல் தொகுப்பைக் காண விரும்புவதாக ஆவலோடு கூறினார். எங்கள் அலமாரியில் அட்டை கிழிந்த இரண்டு நூல்களே இருந்தன. எங்களுள் எவரும் அப்பக்கத்தைப் படித்திருக்கவில்லை. அவர் ஒன்றும் கூறாமல் அவ்விரு நூல்களையும் எடுத்துப் பக்கம் புரட்டிப் பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே மெல்ல வைத்துச் சென்றார்.

எழுதியவர் ஏமாற்றினார் என்று சொல்வது எளிது. ஆனால் அப்பக்கத்தின் அடியில் இருந்தது நம் கையொப்பம். நம்மைப் பற்றிய உண்மையை நாமே எழுத முயன்றிருந்தால், தொகுப்பு ஒன்று இல்லை என்பதையேனும் அறிந்திருப்போம். அறிந்திருந்தால் தேடிச் சேர்க்கத் தொடங்கியிருப்போம். வேலையை வெளியே கொடுத்தபோது அவ்வறிவையும் சேர்த்தே வெளியே கொடுத்துவிட்டோம். சிறிய அறையில் நமக்கு நேர்ந்ததுதான் பெரிய அலுவலகங்களில் கோடிக்கணக்கான பணத்தோடு நேர்கிறது.

விதி உண்டு; விழிப்பு வேண்டும்

நம் நாட்டில் விதிகளே இல்லை என்று கூறுதல் பொருந்தாது. மைய அரசின் பொது நிதி விதிகள், 2017, ஆலோசகரை அமர்த்துவதற்கெனத் தனியே பல விதிகளைக் கொண்டுள்ளன. துறையிடம் உரிய வல்லமை இல்லாத நிலையில்தான் ஆலோசகரை நாடலாம். தகுதியுள்ள அதிகாரியின் ஒப்புதலை முன்னரே பெறவேண்டும். பணியின் எல்லையை வரையறுத்து எழுதவேண்டும். போட்டியின்றி ஒருவரை நேரே அமர்த்துவதானால் முழுக்காரணம் காட்டவேண்டும். பணி நடைபெறும் காலம் முழுதும் துறையினர் அதில் ஈடுபட்டுத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும் என்றும் அவ்விதிகள் கூறுகின்றன. தமிழகத்திலும் ஒப்பந்தப்புள்ளிகளில் ஒளிவுமறைவின்மையை வலியுறுத்தும் சட்டம் 1998ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் நம் கையில் உள்ளது.

விதிகள் கேட்பன நல்லன. ஆனால் 'துறையிடம் வல்லமை இல்லை' என்னும் வாயில், பணியிடங்களை நிரப்பாமல் விடுவோருக்கு எப்போதும் திறந்தே இருக்கும். ஓர் இடத்தை ஐந்தாண்டு காலியாக வைத்திருந்தால் அவ்வல்லமை தானே இல்லாமற்போகும்; பின்னர் வெளியாரை அழைப்பது விதிக்கு உட்பட்டதாகிவிடும். கண்காணிக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. கண்காணிக்கத் தெரிந்தவர் ஒருவரேனும் அலுவலகத்தில் இருக்கவேண்டும் என்பதை உறுதி செய்வார் யார்? சீர்திருத்தம் தொடங்க வேண்டிய இடம் இதுவே என்பது நம் துணிபு.

ஆகவே ஐந்து நெறிகளை முன்வைக்கிறோம்.

முதலாவது, ஆலோசகரை அழைக்குமுன் துறை ஒரு பக்கக் குறிப்பொன்றை எழுதி வெளியிட வேண்டும். நாம் கேட்கும் வினா யாது? அதற்கு நம்மவரால் விடை காண இயலாமை ஏன்? அப்பணியிடம் காலியாக இருப்பின் எவ்வளவு காலமாக? இம்மூன்றுக்கும் விடை எழுத இயலாத துறைக்கு ஆலோசகர் தேவைப்படவில்லை என்பது தெளிவு.

இரண்டாவது, குறித்த எல்லைக்கு மேல் பணி நீளுமானால் அது புதிய பணியாகக் கருதப்பட்டுப் புதிய போட்டிக்கு விடப்பட வேண்டும். சிறிதாக நுழைந்து பெரிதாக வளரும் ஒப்பந்தத்தின் கேட்டைத் தென்னாப்பிரிக்கா காட்டியது.

மூன்றாவது, நோயைச் சொல்பவரே மருந்தையும் விற்றல் ஆகாது. குறை காணும் பணியை ஏற்ற நிறுவனம் அக்குறையைக் களையும் ஒப்பந்தத்தில் பங்கு கொள்ளலாகாது. அரசின் எதிர்த்தரப்பில் இருப்பவர்களுக்கும் தான் பணிபுரிகிறதா என்பதை அது எழுத்தில் அறிவிக்க வேண்டும். பொய்யுரைத்தால் எல்லாத் துறைகளிலும் ஒருசேரத் தடை விதிக்கப்படுதல் வேண்டும். ஒரு துறையின் ஐயம் மற்றத் துறைக்கு உடனே எட்ட வேண்டும்.

நான்காவது, ஒவ்வோர் ஒப்பந்தத்துக்கும் பெயர் குறித்த ஓர் அதிகாரி பொறுப்பாதல் வேண்டும். அறிக்கையைத் தாம் படித்ததாகவும், அதில் ஏற்பன இவை, ஏற்காதன இவை என்றும் அவர் தம் கைப்பட எழுதியபின்னரே இறுதித் தவணை செலுத்தப்பட வேண்டும். நாட்டின் காப்புக்கு ஊறு விளைப்பன தவிர மற்ற அறிக்கைகள் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். மக்கள் பணத்தில் எழுதப்பட்டது மக்களுக்கு மறைபொருளாதல் கூடாது.

ஐந்தாவது, கற்பித்தலையும் ஒப்பந்தத்தின் பகுதியாக்க வேண்டும். ஆலோசகரோடு துறை ஊழியர் இருவர் மூவர் தொடக்கம் முதல் இறுதி வரை உடனிருந்து கற்க வேண்டும். அதே பணிக்கு இரண்டாம் முறையும் வெளியாரை அழைக்க நேர்ந்தால், முதன்முறை கற்றது என்ன என்று துறையைக் கேட்க வேண்டும்.

'அரசு ஊழியர் எல்லாரும் திறமையுடையவரா? அவர்களிடமே விட்டுவிட்டால் காரியம் நடக்குமா?' என்று பெரியோர் சிலர் வினவலாம். அவ்வினாவில் நியாயம் இல்லாமல் இல்லை. சோம்பலும் தேக்கமும் அலுவலகங்களில் உள்ளன. ஆனால் ஊழியர் திறமையற்றவராயின் ஆலோசகரைத் தேர்பவரும் அத்திறமையற்ற ஊழியரே அன்றோ? தராசு பிடிக்கத் தெரியாதவர் கடையில் வாங்கிய பொருளின் எடையை எங்ஙனம் அறிவார்? வணிகம் செய்யும் நம் பெரியோர் இதனை நன்கறிவர். கணக்கர் எத்துணை நம்பிக்கைக்குரியவராயினும், ஆண்டுக்கு ஒருமுறையேனும் பேரேட்டைத் தாமே புரட்டிப் பாராத வணிகர் நிலைத்ததில்லை. சொந்தப் பணத்துக்கே இவ்வளவு கவனம் எனில், பிறர் நம்மிடம் ஒப்படைத்த அமானிதமாகிய பொதுப்பணத்துக்கு எவ்வளவு கவனம் வேண்டும்!

இம்மலரைப் படிக்கும் மாணவர்களுள் பலர் அரசுப் பணித் தேர்வுகளுக்கு ஆயத்தமாகி வருகின்றனர். தமிழ் படித்தவருக்கு அலுவலகத்தில் என்ன வேலை என்று சிலர் ஏளனமாகக் கேட்பதையும் நாம் அறிவோம். ஒரு சொல்லுக்கு உரிய பொருள் யாது, உரைகாரர் ஏன் அவ்வாறு கொண்டார், அது பொருந்துமா என்று வரிக்கு வரி நின்று வினவும் பயிற்சியை இத்துறையில் பெற்றிருக்கிறீர்கள். அப்பயிற்சி கோப்புகளுக்கும் உரியது. வண்ண அட்டையிட்ட அறிக்கை ஒன்று உங்கள் மேசைக்கு வரும் நாளில், கடைசிப் பக்கத்தில் கையொப்பமிடுமுன் முதற்பக்கத்திலிருந்து படியுங்கள். விளங்காத இடத்தில் 'விளங்கவில்லை' என்று எழுதுங்கள். அலமாரியில் இல்லாத நூலை 'இல்லை' என்று எழுதுங்கள். நாம் அன்று செய்யத் தவறியது அது.

சூழ்ச்சி என்னும் சொல் தன் பழம்பொருளை இனி மீளப்பெறுவது அரிது. ஆயினும் அப்பழம்பொருளுக்குரிய செயல், ஆராய்ந்து தெளிந்து வெளிப்படையாக முடிவு காணும் செயல், நம் அலுவலகங்களுக்குத் திரும்புதல் கூடும். அது திரும்புவது, அங்கே நாளை அமரப்போகும் உங்கள் கைகளில் உள்ளது.